கருவாட்டுக் கண்

என் முகத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. காதுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. ஆனால் நாற்பத்தேழாவது வயதில் கண்களுக்குக் கீழே இரண்டு பைகள் வந்து குடியேறின. காலையில் எழும்பும்போது அவை நிரம்பிப்போய் இருக்கும். பத்து மணிக்குப் பாதி வற்றும். மத்தியானம் நான் மறுபடியும் மனிதனாகிவிடுவேன். அதற்குள் எங்கள் ஊர் கண்டக்குழியில் என்னைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்து முடித்திருப்பார்கள்.

இந்தப் பைகளால் எனக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. நான் கண்ணாடி பார்ப்பது வெள்ளிக்கிழமை தாடி ஒதுக்கும்போது மட்டும்தான். மற்ற நாட்களில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் என் மனைவிக்குத்தான்.

"காலைல உங்கட மூஞ்சியப் பாத்தா ஆரோ அடிச்சுப் போட்டுட்டுப் போன மாதிரி இரிக்கு" என்பாள்.

"அந்த ஆரோ நீதான் எண்டு பள்ளிவாசல்ல சொல்லி வெச்சிரிக்கேன்" என்பேன்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அத்தோடு கதை முடிந்துவிடும்.

அது முடியாமல் போனது மகளைக் கேட்டுச் சம்பந்தம் வந்தபோது.

மகள் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை புத்தளம் டவுனில் கணித ஆசிரியர். பத்து நாள் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் இருவரும் ஒரே மண்டபத்தில் இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பையன் வீட்டார் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களுக்கும் மகள் உம்மாவிடம் "உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டவள். இந்த முறையும் "உங்கட விருப்பம்" என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பின்னேரம் ஆறு மணிக்கு வீடு முழுவதையும் கழுவினாள், ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் தோய்த்தாள், அலுமாரிக்கு மேலே இருந்த தூசியைக்கூட விடவில்லை. நான் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு அவள் கீழே துடைப்பதைப் பார்த்திருந்தேன். பிள்ளைக்கு அந்தப் பையன் வேண்டும் என்று எனக்கு விளங்கிவிட்டது. என்னைப் போன்ற மக்குக்கும் விளங்குகிற அளவுக்குத் தூசி பறந்தது.

நாங்கள் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். அவர்கள் புத்தளத்தில் பரம்பரையாக இருக்கிறவர்கள். இப்போது இரண்டு பக்கத்துக்கும் இடையே கல்யாணம் நடப்பது புதினமில்லை. ஆனால் விசாரணை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பெண்ணின் வாப்பாவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார்கள். தொழுவாரா? வேறு ஏதும் பழக்கம் இருக்கிறதா? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஒரு புதன்கிழமை காலை என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் ஓடுவதற்காக வருகிற வெள்ளைக்காரர் தங்கும் லொட்ஜ் ஒன்றில் அவன் சமையல். வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலேயே கதைக்கிறவன், அன்றைக்கு அதை நிறுத்திவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தான்.

"மச்சான், இண்டைக்கு விடியச் சுபஹுத் தொழுகையில ரெண்டாவது வரிசையில ஒரு ஹாஜியார் நிண்டாரே, கண்டீங்களா?"

"எனக்குப் பக்கத்துல நிண்டவரையே நான் காணல்ல. கண் திறந்தாத்தானே."

"அவர்தான் மாப்பிள்ளைட பெரிய வாப்பா. ஆருக்கும் சொல்லாம விசாரிக்க வந்திரிக்காரு. தொழுது முடிஞ்சு நீங்க வெளிய போறப்போ உங்கட கண்ணையே பாத்துக்கிட்டு நிண்டாரு. ஒரு கால்ல செருப்பு, மத்தக் கால்ல செருப்பில்ல. அப்பிடியே நிண்டாரு."

"பாத்துட்டு?"

"பக்கத்துல நிண்ட ஆளுகிட்ட, இவரு எப்பவும் இப்பிடித்தானா எண்டு கேட்டாரு. அவரு, ஓம், ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் எண்டுட்டாரு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் கழுவுவதை நிறுத்திவிட்டாள். எல்லோருக்கும் ஒரே விஷயம்தான் மனதில் பட்டது, வாயால் சொன்னவன் மச்சான்.

"குடிக்கிறீங்க எண்டு நெனச்சிட்டாரு, மச்சான்."

யோசித்துப் பார்த்தால் அவர் நினைத்ததில் பிழை இல்லை. நான் கருவாட்டை ஏற்றிக்கொண்டு சிலாபம் பக்கம் போய்வருகிறவன். வழி நெடுகத் தென்னந்தோட்டம், தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுத் தவறணை. அந்தத் தொழிலோடு இந்தக் கண்ணையும் சேர்த்துப் பார்த்தால் நானே என் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பேன். நான் வாழ்க்கையில் குடித்த மிகப் பெரிய போதை பெருநாளைக்கு ஒரு போத்தல் ஜிஞ்சர் பியர். அதிலும் பியர் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் இதை ஊர் முழுக்கப் போய் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? குடிக்கவில்லை என்று தானாக வந்து சொல்கிறவனைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

மாப்பிள்ளையின் வாப்பாவும் ஹாஜியாரும் அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் என் கண்ணை ஒரு நல்ல தகப்பனுடைய கண்ணாக மாற்ற வேண்டும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் என் மகள் வயதுப் பிள்ளை. பிரஷர் பார்த்தார், சிறுநீர் சோதித்தார், கணுக்காலை விரலால் அமத்திப் பார்த்தார். ஒரு வியாதியும் இல்லை என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஒரு சிறிய வியாதி இருந்திருந்தால் துண்டு எழுதி வாங்கி, ஹாஜியார் கண்ணில் படுகிற மாதிரிச் சட்டைப் பையில் வைத்திருக்கலாம்.

"என்ன தொழில் செய்யிறீங்க?"

"கருவாடு வாங்கி விக்கிறன்."

"கருவாடு கூடச் சாப்பிடுவீங்களா?"

"வீட்டில சாப்பிடுறதில்ல, டொக்டர். தொழிலிலதான் சாப்பிடுறன்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கருவாட்டைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொழிலுக்குப் புதியவர்கள். எங்கள் பழக்கம், வயிற்றுப் பக்கத்தில் ஒரு ஓரத்தைக் கிள்ளிப் பல்லில் வைப்பது. உப்பு எலும்புவரை போயிருக்கிறதா, உள்ளே ஈரம் நிற்கிறதா, மீன் எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது, எல்லாவற்றையும் பல் சொல்லும். கட்டா, பாரை, சூடை, எந்த மீன் என்றாலும் ஒவ்வொரு குவியலிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. கடித்ததைத் துப்பக்கூடாது. அதை உப்பில் போட்டுக் காயவைத்த பெண்கள் எதிரே நின்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கைப்பட்டதை அவர் முன்னாலேயே துப்பினால் அது அவருடைய முகத்தில் துப்பின மாதிரி. அதனால் மென்று விழுங்கிவிட்டு, "நல்லா இரிக்கு" என்றோ, "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்றோ சொல்ல வேண்டும்.

"ஒரு நாளைக்கு எத்தனை துண்டு வரும்?" என்றார் டொக்டர்.

"நல்ல நாளில நாப்பது, அம்பது."

"அதுக்குப் பிறகு சோறும் கறியும் வேற."

"ஓம். ராவைக்குக் கொஞ்சம் ஊறுகாயும்."

டொக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மட்டமாகப் படுத்தால் அந்தத் தண்ணீர் கண்ணுக்குக் கீழே இருக்கிற மெல்லிய தோலில் வந்து தேங்குமாம். எழும்பி நடமாடினால் வடிந்துவிடுமாம். "உப்பை நிப்பாட்டுங்க. தலையை உயர்த்திப் படுங்க. காலையில குளிர்ந்த துணியைக் கண்ணில வைங்க. கசக்க வேணாம். நேரத்துக்குத் தூங்குங்க" என்றார். ஒரு குளிசைகூட எழுதித் தரவில்லை. இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவனுக்கு வெறும் துணியா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வீட்டில் வைத்தியம் தொடங்கியது. தொடக்கியவள் மனைவி, நடத்தியவன் மச்சான், அனுபவித்தவன் நான்.

முதல் நாள் துணி. வீட்டில் ஐஸ் முடிந்திருந்ததால் மீன் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்துத் துணியில் சுற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தேன். நல்ல சுகம். கொஞ்ச நேரத்தில் மடியில் ஏதோ பாரமாக ஏறியது. கண்ணைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பூனை. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. அன்றைக்கு முழுதும் நான் போன இடமெல்லாம் அவையும் வந்தன. மறுநாளிலிருந்து மனைவி இரண்டு தேக்கரண்டிகளைக் கழுவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தந்தாள். அது சுத்தமான வைத்தியம். கரண்டியின் குழிவைக் கண்ணுக்குக் கீழே வைத்தால் உச்சந்தலைவரை குளிரும். பூனைகளும் ஆர்வத்தை விட்டுவிட்டன.

மச்சான் லொட்ஜிலிருந்து வெள்ளரிக்காய் கொண்டுவந்தான்.

"வெள்ளைக்காரப் பொம்புளையள் இத வட்டமா வெட்டிக் கண்ணுல வெச்சுக்கிட்டுக் கடற்கரையில படுத்துக் கிடக்காங்க, மச்சான். எழும்பினா மூஞ்சி அப்பிடியே பளபளக்கும்."

"அவங்க கருவாடு கடிக்கிறாங்களா?"

"நீங்க வையுங்க. கதைக்காதீங்க."

வைத்தேன். முதல் நாள் இரண்டு வட்டமும் கண்ணில் இருந்தன. இரண்டாம் நாள் பசி. வெட்டின வெள்ளரிக்காய் கண்ணுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் வாய்க்கு எவ்வளவு தூரம்? உப்பும் மிளகும் தூவித் தின்றுவிட்டேன். உப்பு என்று நினைவு வந்தபோது பீங்கானில் ஒரு வட்டம்தான் மிஞ்சியிருந்தது. அதை மட்டும் இடது கண்ணில் வைத்துக்கொண்டேன்.

தேயிலையை யார் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. பிளேன்டீ ஊற்றின சக்கையைத் துணியில் முடிந்து, ஆறவைத்து, குளிரவைத்துக் கண்ணில் ஒற்றுவது. வீக்கம் இறங்கினது உண்மை. ஆனால் துணி பழசு, சாயம் ஒழுகி இரண்டு கண்ணையும் சுற்றி மண்ணிற வளையம். அன்றைக்குப் பள்ளியில் ஒருவர் என்னிடம் எந்தக் கடையில் கண்ணுக்குப் போடும் சுர்மா வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.

தலையை உயர்த்துவதற்கு மூன்று தலையணை. முதல் இரவு மூன்றுக்கும் மேலே ராஜா மாதிரிப் படுத்தவன் விடியும்போது கட்டிலின் கால்மாட்டில் கிடந்தேன், தலையணைகள் தலைமாட்டில் தனியாகத் தூங்கின. இரண்டாம் இரவு பிடிவாதமாகக் கிடந்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்கும்போது வலது பக்கம் முழுதாகத் திரும்பினேன், இடது பக்கம் மனதில் வைத்த நிய்யத்து மட்டும்தான் திரும்பியது. பிறகு மனைவி கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஒவ்வொரு செங்கல் வைத்தாள். அவளும் அதே கட்டிலில்தான் படுக்கிறாள். விடியுமட்டும் இரண்டு பேரும் மெதுமெதுவாகக் கீழே வழுக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் கல்யாணம் முடிந்து இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு கட்டிலில் சேர்ந்து சிரித்தது அந்தக் கிழமைதான்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது சாப்பாடு. மனைவி எனக்கென்று தனியாக உப்பில்லாத கறி சமைக்கப் பார்த்தாள். மகள் விடவில்லை. "எல்லாருக்கும் ஒண்டா ஆக்குங்க, உம்மா" என்றாள். அன்றைக்குப் பாரை மீன் கறி. ஒரு கல் உப்புக்கூட இல்லை. முதல் கவளத்தை வாயில் வைத்தபோது எனக்கு மீன்மேல் பரிதாபம் வந்தது. கடலில் இருந்தவரை எவ்வளவு உப்போடு வாழ்ந்த சீவன்.

மகள் குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தாள்.

"எப்பிடி இரிக்கு, புள்ள?" என்றேன்.

"நல்லா இரிக்கு, வாப்பா" என்றாள். இன்னும் ஒரு அகப்பை போட்டுக்கொண்டாள்.

சின்ன வயதில் உப்புக் குறைந்தால் பீங்கானைத் தள்ளி வைக்கிற பிள்ளை அது. அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. ஊறுகாய்ப் போத்தலை நானே எடுத்து மச்சானிடம் கொடுத்தனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை உச்சமுனைக்குப் போக வேண்டியிருந்தது. இஞ்சின் போட்டில் களப்பைத் தாண்டி அந்தத் தீவுக்குப் போய்க் கிழமைக்கு ஒருமுறை கருவாடு எடுப்பேன். அங்கே எனக்குக் கொடுக்கிற பெண்கள் நாலைந்து பேர். அவர்களில் ஒரு அக்காதான் தலைவி மாதிரி. நான் அவவை அக்கா என்பேன், அவ என்னை நானா என்பா, அண்ணன் என்பது போல. அவ காயவைத்த கட்டாவில் குறை கண்டுபிடித்த வியாபாரி இன்னும் பிறக்கவில்லை.

அன்றைக்கு நான் குவியலைக் கையால் புரட்டினேன், மணந்து பார்த்தேன், விரலால் அமத்தினேன். வாயில் வைக்கவில்லை. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்திருந்தா.

"என்ன நானா, என்ட கருவாடு இப்ப வாய்க்கு ஏலாமப் போச்சா?"

"அப்பிடி ஒண்டுமில்ல, அக்கா. நீங்க போட்டா நல்லாத்தானே இருக்கும்."

"நல்லா இருக்கு எண்டு வாயில வைக்காம எப்பிடித் தெரியும்? பத்து வருசமாக் கடிச்ச ஆளு. வேற ஆரும் என்னப் பத்தி ஏதும் சொன்னாங்களா?"

மற்றப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். அவர்கள் முகம் சுருங்கினதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒரு துண்டைக் கிள்ளினேன். வாய்வரை கொண்டுபோனேன். மகள் அந்தக் கறியை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டது கண்ணுக்குள் வந்தது. கை அந்தரத்தில் நின்றது. வேறு வழியில்லாமல் உள்ளதை எல்லாம் சொன்னேன். பெண் கேட்டு வருவது, ஹாஜியார் கண்ணைப் பார்த்தது, டொக்டர் சொன்னது, செங்கல் உட்பட.

அக்கா முழுதையும் கேட்டா. பிறகு, "இதுக்கா இவ்வளவு கதை. கடிச்சிட்டுத் துப்புங்க" என்றா.

"உங்கட முன்னால எப்பிடித் துப்புறது?"

அவ மற்றவர்களைப் பார்த்து, "புள்ளையள், எல்லாரும் அங்கால திரும்புங்க. நானாட மகளுக்குக் கலியாணம்" என்றா.

ஐந்து பெண்களும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு களப்பைப் பார்த்து நின்றார்கள். நான் கடித்தேன், துப்பினேன், போத்தல் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். ஒவ்வொரு குவியலுக்கும் இதே சடங்கு. நடுவில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்க நின்றாள். முடிந்ததும் அக்கா திரும்பாமலேயே, "எப்பிடி?" என்றா.

"நல்லா இரிக்கு, அக்கா."

"தெரியும்" என்றா.

வியாழக்கிழமை காலை மனைவி என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பைகள் இரண்டும் போய்விட்டிருந்தன. கொஞ்சம் சுருக்கம் மட்டும் மிச்சம். "கல்யாணத்தண்டு இப்பிடித்தான் இருந்தீங்க" என்றாள். பொய். ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சொன்ன நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா மெலிந்த, உயர்ந்த மனிதர். கதிரையின் நுனியில் இருந்தார், யாரோ எழும்பச் சொல்லப்போகிறார்கள் என்பது போல. ஹாஜியார் நன்றாகச் சாய்ந்திருந்தார். மச்சான் என் பக்கத்தில் இருந்தான். மனைவியும் மகளும் அறைக்குள், திரைக்குப் பின்னால். நான் வெளிச்சம் முகத்தில் விழுகிற கதிரையாகப் பார்த்து இருந்துகொண்டேன். இவ்வளவு பாடுபட்டு இறக்கின வீக்கத்தை இருட்டில் வைத்து என்ன பிரயோசனம்?

ஹாஜியார் என்னைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஏமாற்றம்.

"போன கிழமை சுபஹுல நான் கண்டது உங்களைத்தானா?" என்றார்.

"என்னைத்தான், ஹாஜியார்."

"அண்டைக்குக் கண்ணெல்லாம் வீங்கி..."

"அது இப்ப சுகம்" என்றேன் அவசரமாக.

"சுகமா?" அவருக்கு விளங்கவில்லை. தன் தம்பியிடம், மாப்பிள்ளையின் வாப்பாவிடம், திரும்பினார். "நான் உனக்குச் சொன்னனே. தஹஜ்ஜுத்தில அழுது அழுது வீங்கின கண்ணு. துஆவில துடைச்சுக்கிட்டே இருந்தாரு. ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் எண்டு ஊராளும் சொன்னாரு. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு ஆளா எண்டு எனக்குச் செருப்புப் போடவே மனம் வரல்ல. அதுனாலதானே தூரத்துச் சம்பந்தம் எண்டாலும் பாப்பம் எண்டு சொன்னேன்."

ஒன்பது நாளாக நான் அழித்துக்கொண்டிருந்தது என் மகளுடைய சம்பந்தத்தின் அத்திவாரத்தை. இராத்தொழுகைக்கு எழும்புகிறவனாம் நான். சுபஹுக்கே என்னை எழுப்ப மனைவி மூன்று தரம் வர வேண்டும், மூன்றாம் தரம் தண்ணீரோடு. துஆ கேட்கிற பிரார்த்தனை நேரத்தில் கண்ணைத் துடைத்தது மின்விசிறிக்கு நேரே இருந்ததால்.

மச்சான் முந்திக்கொண்டான். "ஓம், ஹாஜியார். மச்சான் பெரிசா வெளிய காட்டிக்கொள்ள மாட்டாரு" என்றான். சொல்லிக்கொண்டே காலால் என் காலை மிதித்தான்.

உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் எனக்கும் அந்தக் கண் வேண்டும் போல இருந்தது. வாயைத் திறக்காமல் தலையைக் கொஞ்சம் குனிந்தாலே போதும். பணிவு என்று எடுத்துக்கொள்வார்கள். மகளுக்குப் பையன் கிடைப்பான். திரை ஒருமுறை அசைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் பிறகு? அழுகிற மாமனாராக நான் எத்தனை வருஷம் நடிப்பது? நான் நடித்துச் சமாளித்தாலும், தகப்பன் சொன்ன பொய்க்கு மேலே அவள் போய்க் குடித்தனம் நடத்த வேண்டும். அதுவும் அல்லாஹ்வின் பேரில் சொன்ன பொய்க்கு மேலே.

"ஹாஜியார், அது அழுத கண்ணில்ல" என்றேன். "கருவாட்டுக் கண்ணு."

மச்சான் காலை எடுத்துக்கொண்டான்.

சொல்லத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவன் நான். கடிப்பதிலிருந்து தொடங்கினேன். ஐஸ், பூனை, சுர்மா, செங்கல், முதுகைக் காட்டி நின்ற ஐந்து பெண்கள் என்று ஒன்றையும் விடவில்லை. நாங்கள் குடி என்று பயந்ததையும் சொன்னேன். ஹாஜியாரின் முகம் சிவந்துகொண்டே போனது. அவர் தன் பள்ளியில் இரண்டு மூன்று பேருக்கு என்னை உதாரணம் காட்டியே பேசியிருந்தாராம்.

"அப்ப நீங்க தஹஜ்ஜுத் தொழுறதே இல்லியா?" என்றார்.

"நோன்பு மாசத்துல தொழுவேன். மத்தப்படி தூங்குறன், ஹாஜியார்."

மாப்பிள்ளையின் வாப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்குவதைப் பிறகுதான் கண்டேன். உச்சமுனையில் ஒருத்திக்குக் குலுங்கின அதே மாதிரி. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

"நானா, உங்களுக்கு ஒண்டு சொல்லட்டா?" என்றார். தமையனைக் காட்டினார். "காக்கா உங்களப் பத்திச் சொன்ன நாளையிலிருந்து எனக்குத் தூக்கமில்ல. மகன் இந்தப் புள்ளதான் வேணும் எண்டு நிக்கிறான். நான் எங்கட வீட்ட நெனச்சுப் பயந்துக்கிட்டு இருந்தேன். அவன் கிரிக்கெட் பாத்தா ஊரே கேட்கச் சத்தம் போடுவான். நானும்தான். சுபஹுக்கு எங்கள எழுப்புறது எண்டா அவன்ட உம்மாவுக்கு ஒரு யுத்தம். இப்பிடிப்பட்ட ஒரு அவுலியாட மகள் வந்து எங்களோட எப்பிடி இருக்கிறது? வேணாம் எண்டு சொல்ற வழியத் தேடிக்கிட்டுத்தான் இண்டைக்கு வந்தேன்."

"வேணாம் எண்டு சொல்லவா வந்த?" என்றார் ஹாஜியார்.

"ஓம் காக்கா. இப்ப சொல்லப்போறதில்ல." கதிரையில் முதல்முறையாக முழுதாகச் சாய்ந்தார். "உங்களுக்குச் சம்மதம் எண்டா எங்களுக்குச் சம்மதம், நானா. புள்ளைட வாயாலயும் கேட்டுச் சொல்லுங்க."

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். பிறகு, "தஹஜ்ஜுத் தொழுறதும் ஒரு பிழையில்லையே" என்று முணுமுணுத்தார். நான் முயற்சி செய்வதாக ஒப்புக்கொண்டேன். அவர் மச்சானைப் பார்த்த பார்வையில், "வெளிய காட்டிக்கொள்ள மாட்டாரு" என்ற வசனம் அவருக்கு மறக்கவில்லை என்று தெரிந்தது. மச்சான் தேத்தண்ணி எடுக்கிற சாட்டில் எழும்பிப் போனான்.

நான் திரைக்கு அருகே போய் நின்றேன். மகளிடம் கேட்டேன். "உங்கட விருப்பம்" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு விருப்பம், வாப்பா" என்றாள்.

பின்னேரம் கொல்லைப்புறத்தில் தென்னைக்குக் கீழே நின்று மகள் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். நிக்காஹ் முடியுமட்டும் கதைக்கக்கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள், ஆனால் அன்றைக்கு மட்டும் அவளும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஜன்னலோரம் நின்றேன்.

"கேக்காதீங்க" என்றாள் மனைவி.

"கேக்கல்ல" என்றேன்.

"இல்ல, வாப்பாதான் சொன்னாரு, எல்லாத்தையும்" என்று மகள் சொல்வது கேட்டது. "ஓம், பூனையையும்." பிறகு அந்தப் பக்கம் அந்தப் பையன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அவள் தென்னையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.